சைக்காலஜி படித்தால் என்ன உத்தியோகம்?

(நமது சங்கத்தின் நாக்பூர் கிளையில், பிளஸ் டூ முடிக்கும் மாணவ மாணவியருக்காகவும் அவர்களுடைய பெற்றோருக்காகவும் நடந்த மேற்படிப்பு வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை. உரைக்குப் பின் கேட்கப்பட்ட சில கேள்விகளும் பதில்களும் கடைசியில் சேர்க்கப்பட்டுள்ளன.)



இந்த மாதிரிக் கூட்டங்களில் வழக்கமாக இன்ஜினியரிங், சி.ஏ., பாங்க் பரீட்சை ஆகியவற்றைப் பற்றித்தான் பேசுவது வழக்கம். இந்தத் தடவை பெற்றோர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த கேள்விகளில் ஐந்தாறு பேர் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தார்கள். "என் பெண் சைக்காலஜி படிக்கணும்னு ஒத்தைக் கால்ல நிக்கறா. அதுக்கு வேலை உண்டா?" என்று. ஆகையால் இன்றைக்கு அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நான் சைக்காலஜி படித்தவன் இல்லை. என் படிப்பு கெமிஸ்ட்ரி. ஆனால் மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் பல வருஷம் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தேன். விண்ணப்பங்களைப் பரிசீலிப்பவர்கள் முதலில் பார்ப்பது மதிப்பெண்ணை அல்ல. "அத்தியாவசியத் தகுதி" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியில் உள்ள படிப்பு, அந்த வரியில் உள்ள விதத்தில் இல்லாவிட்டால், தங்கப் பதக்கம் வாங்கினவரானாலும் விண்ணப்பம் ஓரமாகப் போய்விடும். அதனால் எந்தப் படிப்பைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு முதலில் தோன்றுவது, எந்தக் கதவுக்கு எந்தச் சாவி என்று சட்டமும் விதியும் என்ன சொல்கின்றன என்பதுதான். சைக்காலஜி விஷயத்தில் இது மிக முக்கியம். ஏனென்றால் அந்தச் சாவியையே இப்போதுதான் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம்

சைக்கியாட்ரிஸ்ட் வேறு, சைக்காலஜிஸ்ட் வேறு. சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்மேல் மனநல மருத்துவத்தில் எம்.டி. படித்த டாக்டர். மருந்து எழுதிக் கொடுக்கலாம். சைக்காலஜிஸ்ட் என்பவர் மனம், நடத்தை, அறிவுத்திறன் இவற்றைப் படித்தவர். சோதனைகள் செய்து அறிக்கை தருவார், பேச்சின் மூலமும் பயிற்சியின் மூலமும் சிகிச்சை தருவார். மருந்து எழுதும் அதிகாரம் அவருக்கு இல்லை. ஆகவே பிளஸ் டூவில் பயாலஜி எடுக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். சயன்ஸ், காமர்ஸ், ஆர்ட்ஸ் எந்தப் பிரிவில் படித்தவர்களும் பி.ஏ. அல்லது பி.எஸ்ஸி. சைக்காலஜியில் சேர இடம் தரும் கல்லூரிகள் நிறைய உண்டு. ஆனால் கணக்கிலிருந்து தப்பிக்கலாம் என்று யாராவது நினைத்தால், அது நடக்காது. இந்தப் படிப்பில் புள்ளியியல் கட்டாயம் வரும்.

இது ஏதோ புதிதாக வந்த படிப்பு என்றும் நினைக்க வேண்டாம். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் நூறு வருஷத்துக்கு முன்பே இதற்குத் தனித் துறை இருந்தது. மைசூர் பல்கலைக்கழகத்தில் 1924ஆம் வருஷம் தொடங்கினார்கள். அங்கே பேராசிரியராக இருந்த எம்.வி. கோபாலஸ்வாமி 1935இல் தம் வீட்டிலேயே ஒரு ரேடியோ நிலையம் தொடங்கினார். அதற்கு வைத்த பெயர்தான் "ஆகாசவாணி". பின்னால் அகில இந்திய ரேடியோவுக்கே அந்தப் பெயர் வந்தது. ஒரு சைக்காலஜி வாத்தியார் வைத்த பெயரைத்தான் நாமெல்லாம் காலை செய்திக்கு முன்னால் கேட்டு வளர்ந்தோம்.

இரண்டு பாதைகள்

சைக்காலஜி பட்டதாரிக்கு முன்னால் இரண்டு பாதைகள் பிரிகின்றன. ஒன்று, மனநோய் உள்ளவர்களுக்குச் சோதனையும் சிகிச்சையும் தரும் பாதை. இதற்குச் சட்டப்படி பதிவு வேண்டும். மற்றது, மனத்தைப் பற்றிய அறிவைப் பள்ளிக்கூடத்திலோ, கம்பெனியிலோ, ராணுவத் தேர்விலோ, ஆராய்ச்சியிலோ பயன்படுத்தும் பாதை. இதில் பதிவைவிடப் படிப்பும் அனுபவமும்தான் பெரிது.

இரண்டுக்கும் பொதுவான ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷ பி.ஏ. அல்லது பி.எஸ்ஸி. சைக்காலஜி மட்டும் வைத்துக்கொண்டு யாரும் சைக்காலஜிஸ்ட் ஆக முடியாது. மற்றப் பட்டதாரிகள் எழுதும் பாங்க் பரீட்சை, எஸ்.எஸ்.சி. பரீட்சை எல்லாம் எழுதலாம். அந்தத் துறையிலேயே வேலை என்றால் முதுநிலைப் பட்டம் வரைக்கும் போகத்தான் வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு இறங்குகிறவர்கள் நன்றாக வருகிறார்கள். தெரியாமல் இறங்குகிறவர்கள்தான் மூன்றாம் வருஷம் முடித்துவிட்டு "இப்போ என்ன பண்றது?" என்று நிற்கிறார்கள்.

சிகிச்சைப் பாதை

1992ஆம் வருஷத்து இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஆர்.சி.ஐ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று பெயர்ப்பலகை போட்டுக்கொள்ள வேண்டுமானால், இந்தக் கவுன்சில் அங்கீகரித்த படிப்பை முடித்து, அதன் மத்தியப் பதிவேட்டில் பெயர் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லாமல் தொழில் செய்வது குற்றம். ஒரு வருஷம் வரை சிறைத் தண்டனைக்கு அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2017ஆம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டமும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பவர் யார் என்பதை ஆர்.சி.ஐ. அங்கீகாரத்தை வைத்துத்தான் சொல்கிறது.

அந்த அங்கீகரித்த படிப்பு இத்தனை காலமாக என்னவாக இருந்தது? மூன்று வருஷ பட்டம், இரண்டு வருஷ எம்.ஏ. அல்லது எம்.எஸ்ஸி., அதன்மேல் ஆஸ்பத்திரியில் நோயாளிகளோடு இருந்து படிக்கும் இரண்டு வருஷ எம்.ஃபில். ஆக மொத்தம் ஏழு வருஷம். பெங்களூர் நிம்ஹான்ஸ், ராஞ்சியில் உள்ள மத்திய மனநல நிலையம், டெல்லி இபாஸ், அஸ்ஸாம் தேஜ்பூரில் உள்ள நிலையம் ஆகியவை இதில் பெயர் பெற்றவை. இடங்கள் குறைவு, நுழைவுத் தேர்வு கடினம். இரண்டு மூன்று தடவை எழுதி இடம் பிடித்தவர்கள் இருக்கிறார்கள்.

இப்போதுதான் மாற்றம் வருகிறது. 2020ஆம் வருஷத்து தேசியக் கல்விக் கொள்கை எம்.ஃபில். பட்டமே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. 2022 நவம்பரில் யு.ஜி.சி. விதியும் அப்படியே வந்தது. ஆனால் நாட்டில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுகள் ஏற்கனவே பற்றாக்குறை. அதனால் 2024 ஜனவரியில், கிளினிக்கல் சைக்காலஜிக்கும் சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்குக்கும் மட்டும் எம்.ஃபில். 2025-26 கல்வியாண்டு வரை செல்லும் என்று யு.ஜி.சி. நீட்டித்தது. அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கான புதிய பாடத்திட்டங்களை ஆர்.சி.ஐ. கொண்டுவந்துகொண்டிருக்கிறது.

இங்கே உட்கார்ந்திருக்கும் பிளஸ் டூ குழந்தைகள் அந்தக் கட்டத்தை எட்டும்போது பழைய எம்.ஃபில். இருக்காது. ஆகவே அத்தை பெண் எப்படிப் படித்தாள், பக்கத்து வீட்டு அக்கா எப்படிப் படித்தாள் என்று கேட்டுப் பிரயோஜனம் இல்லை. சேரும் வருஷத்தில், சேரும் கல்லூரியின் பெயரும், அந்தப் படிப்பின் பெயரும் ஆர்.சி.ஐ. இணையதளத்தில் உள்ள அங்கீகாரப் பட்டியலில் இருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள். கல்லூரி விளம்பரத்தில் "கிளினிக்கல்" என்ற வார்த்தை பெரிய எழுத்தில் இருந்தால் போதாது. பதிவேட்டில் பெயர் ஏறுமா என்பதுதான் கேள்வி. சேருவதற்கு முன் கேட்டால் ஒரு மணி நேர வேலை. படித்து முடித்த பிறகு கேட்டால் போன வருஷங்கள் திரும்பி வராது.

இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. வீட்டிலிருந்தே தபால் மூலம் எம்.ஏ. சைக்காலஜி படித்தவர்கள் நம்மில் நிறையப் பேர், முக்கியமாகக் கல்யாணத்துக்குப் பிறகு படித்த பெண்கள். 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து சைக்காலஜியைத் தொலைதூரக் கல்வியாகவோ ஆன்லைனிலோ நடத்தக்கூடாது என்று யு.ஜி.சி. நிறுத்திவிட்டது. 2021ஆம் வருஷத்து துணை மருத்துவத் தொழிலாளர் கமிஷன் சட்டத்தின் கீழ் சைக்காலஜியும் வந்துவிட்டதுதான் காரணம். அந்தச் சட்டத்தின் அட்டவணையில், ஆர்.சி.ஐ.யின் கீழ் வருகிறவர்கள் நீங்கலாக மற்ற சைக்காலஜிஸ்டுகளும், பலவகை ஆலோசகர்களும் இருக்கிறார்கள். ஆக, இதுவரை பதிவு தேவையில்லாமல் இருந்த ஆலோசகர் வேலைக்கும் நாளைக்குப் பதிவு கேட்கப்படும் என்று எதிர்பார்த்தே படிக்க வேண்டும். கல்லூரிக்கு நேரில் போய்ப் படிப்பதுதான் இனிமேல் வழி.

பள்ளிக்கூடமும் கல்லூரியும்

இன்றைக்கு முதுநிலைப் பட்டதாரிகளுக்குச் சீக்கிரம் வேலை கிடைக்கும் இடங்களில் பள்ளிக்கூடம் ஒன்று. சி.பி.எஸ்.இ. அங்கீகார விதிகளிலேயே பள்ளியில் ஆலோசகர் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. கேந்திரிய வித்யாலயாக்கள் வருஷா வருஷம் ஒப்பந்த அடிப்படையில் ஆலோசகர்களை எடுக்கின்றன. சம்பளம் பெரிதாக இருக்காது, நிரந்தரமும் கிடையாது. ஆனால் முதல் அனுபவத்துக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. என்.சி.இ.ஆர்.டி. நிறுவனம் இதற்கென்றே வழிகாட்டல், ஆலோசனை என்ற விஷயத்தில் ஒரு வருஷ டிப்ளமா நடத்தி வந்திருக்கிறது.

2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் ஒரு முக்கியமான உத்தரவு போட்டது. மாணவர்களின் தற்கொலைகளைப் பார்த்து மனம் நொந்து, நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள எல்லாக் கல்வி நிறுவனங்களிலும் தகுதி பெற்ற ஆலோசகர், சைக்காலஜிஸ்ட் அல்லது சமூக சேவகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் வகுத்தது. கோச்சிங் சென்டர்களையும் விட்டுவைக்கவில்லை. நுழைவுத் தேர்வுக்காகக் குழந்தைகளைக் கோட்டாவுக்கு அனுப்பின பெற்றோர்கள் இந்தச் சபையிலேயே இருப்பீர்கள். அந்த உத்தரவின் அவசியம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உத்தரவு எல்லா ஊர்களிலும் நடைமுறைக்கு வர நாளாகும். ஆனால் தேவை எந்தத் திசையில் போகிறது என்பது தெரிகிறது.

கல்லூரியில் பாடம் சொல்லித்தர விரும்புகிறவர்கள் முதுநிலைக்குப் பிறகு சைக்காலஜியில் நெட் பரீட்சை எழுத வேண்டும். அதில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை. உதவிப் பேராசிரியரானால் ஏழாவது சம்பளக் கமிஷன் கணக்கில் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய்.

சர்க்கார் உத்தியோகங்கள்

இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். இது நான் ஓரளவு அறிந்த இடம். பெற்றோர்களுக்கு அதிகம் தெரியாத இடமும் இதுதான்.

ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. தேர்வு ஐந்து நாள் நடக்கும். அதில் ஒரு நாள் முழுக்க சைக்காலஜி சோதனைதான். படத்தைப் பார்த்துக் கதை எழுத வேண்டும், பன்னிரண்டு கதைகள், கடைசிப் படம் வெறும் வெள்ளை அட்டை. அறுபது வார்த்தைகள் ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள், ஒவ்வொன்றுக்கும் பதினைந்து விநாடி. அறுபது சந்தர்ப்பங்களைக் கொடுத்து முப்பது நிமிஷத்தில் என்ன செய்வாய் என்று எழுதச் சொல்வார்கள். இவற்றை மதிப்பிடுகிறவர்கள் பயிற்சி பெற்ற சைக்காலஜிஸ்டுகள். இந்தச் சோதனைகளை உருவாக்குவதும் ஆராய்வதும் டெல்லியில் உள்ள டி.ஐ.பி.ஆர். என்ற நிறுவனம். டி.ஆர்.டி.ஓ.வின் பரிசோதனைச்சாலைகளில் ஒன்று. டி.ஆர்.டி.ஓ. விஞ்ஞானி "பி" பதவிக்கு ஆள் எடுக்கும்போது அவ்வப்போது சைக்காலஜிக்கும் இடங்கள் அறிவிப்பார்கள். ஏழாவது சம்பளக் கமிஷனில் அது பத்தாம் நிலை, ஆரம்பம் 56,100 ரூபாய். ராக்கெட் செய்கிறவர்களோடு ஒரே வரிசையில் மனத்தை ஆராய்கிறவருக்கும் விஞ்ஞானி என்றுதான் பெயர்.

ரயில்வேயிலும் இருக்கிறது. உதவி லோகோ பைலட் தேர்வில் எழுத்துப் பரீட்சைக்குப் பிறகு கம்ப்யூட்டரில் ஒரு மனத்திறன் சோதனை. ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 42 டி-ஸ்கோர் வாங்க வேண்டும். எந்தப் பிரிவினருக்கும் இதில் சலுகை கிடையாது. கவனம், ஞாபகம், வேகம் இவை குறைந்தவரிடம் ஆயிரம் பேர் உயிரை ஒப்படைக்க முடியாதல்லவா? ரயில்வேயில் இந்த வேலையைக் கவனிப்பது லக்னோவில் ஆர்.டி.எஸ்.ஓ.வில் உள்ள சைக்கோ-டெக்னிக்கல் பிரிவு. நாம் ராத்திரி நிம்மதியாக பெர்த்தில் தூங்குவதற்கு ஒரு சைக்காலஜிஸ்டும் காரணம்.

தடய அறிவியல் சோதனைச்சாலைகளில் ஃபாரன்சிக் சைக்காலஜிப் பிரிவு உண்டு. பொய் கண்டறியும் சோதனை போன்றவை அங்கே நடக்கும். சம்மதமில்லாமல் யாருக்கும் இவற்றைச் செய்யக்கூடாது என்று 2010இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. இதற்கென்றே படிக்க விரும்புகிறவர்களுக்குக் காந்திநகரில் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது.

குடும்ப நீதிமன்றங்களில் ஆலோசகர்கள் வேண்டும் என்பது 1984ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே இருக்கிறது. 2015ஆம் வருஷத்து சிறார் நீதிச் சட்டத்தில், பதினாறு வயது நிறைந்த சிறுவன் கொடிய குற்றத்தில் சிக்கினால் அவன் மனநிலையை மதிப்பிட அனுபவமுள்ள சைக்காலஜிஸ்டின் உதவியை வாரியம் கேட்கலாம். அந்த வாரியத்தில் உறுப்பினராகவே குழந்தை மனவியல் படித்தவர்கள் வரலாம். ஜில்லா மனநலத் திட்டக் குழுக்களிலும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுக்கு இடம் உண்டு. 2022 அக்டோபர் 10 அன்று ஆரம்பித்த டெலி-மானஸ் என்ற தொலைபேசி மனநல சேவை, எண் 14416, எல்லா மாநிலங்களுக்கும் பொதுவானது. அதில் போனை எடுத்துப் பேசுகிறவர்கள் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள். இந்த எண்ணை வேலைக்காக மட்டுமில்லை, வீட்டுக்காகவும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஐ.ஏ.எஸ். பரீட்சையிலும் சைக்காலஜியை விருப்பப் பாடமாக எடுக்கலாம். இரண்டு தாள், 500 மதிப்பெண்.

கம்பெனிகள்

ஆஸ்பத்திரி பிடிக்காதவர்களுக்குக் கம்பெனி இருக்கிறது. ஆமதாபாத் ஜவுளித் தொழில் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1950களில் சைக்காலஜிப் பிரிவை நடத்திய கமலா சௌத்ரி அம்மையார்தான் பின்னால் ஆமதாபாத் ஐ.ஐ.எம். உருவானபோது அதன் முதல் ஆசிரியர்களில் ஒருவர். 1970களின் நடுவில் லார்சன் அண்ட் டூப்ரோவில் மனிதவள மேம்பாட்டுத் துறை வருவதற்கு வழி சொன்ன உதய் பாரீக், டி.வி. ராவ் இருவரும் சைக்காலஜி படித்தவர்கள். ஹெச்.ஆர். என்று இன்றைக்கு எல்லோரும் சொல்கிற துறைக்கு நம் நாட்டில் அஸ்திவாரம் போட்டவர்கள் இவர்கள்.

ஆகவே பி.ஏ. சைக்காலஜிக்குப் பிறகு எம்.பி.ஏ. செய்து ஹெச்.ஆர். போவது நல்ல சேர்க்கை. ஆள் தேர்வு, பயிற்சி, ஊழியர் நலன் எல்லாவற்றிலும் இந்தப் படிப்பு கை கொடுக்கும். சந்தை ஆய்வு நிறுவனங்கள் ஒரு சோப்பை ஏன் வாங்கினோம் என்று கேட்டு அறியும் வேலைக்கு எடுக்கின்றன. மென்பொருள் கம்பெனிகளில், செல்போன் திரையில் மனிதர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கவனித்துச் சொல்லும் வேலை ஒன்று வந்திருக்கிறது. இதற்கும் சைக்காலஜி படித்தவர்களை எடுக்கிறார்கள். புள்ளியியலும் கொஞ்சம் கம்ப்யூட்டரும் தெரிந்திருந்தால் இங்கே மதிப்பு அதிகம்.

குழந்தைகள், விளையாட்டு, முதியோர்

2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளாக இருந்ததை இருபத்தொன்றாக ஆக்கியது. ஆட்டிசமும், எழுதப் படிக்கத் திணறும் கற்றல் குறைபாடும் அதில் வந்தன. இந்தக் குழந்தைகளுக்குச் சான்றிதழ் வேண்டுமானால் முறையான சோதனை வேண்டும். முன்பெல்லாம் "மக்கு" என்று சொல்லி முதுகில் இரண்டு வைத்த பிள்ளைக்கு இன்று காரணம் கண்டுபிடித்து, பரீட்சையில் கூடுதல் நேரம் வாங்கித் தருகிறார்கள். செகந்திராபாத்திலும், சென்னைக்கு அருகே முட்டுக்காட்டிலும் இதற்கான தேசிய நிலையங்கள் இருக்கின்றன. சிறப்புக் கல்வி, மறுவாழ்வு சைக்காலஜி ஆகியவற்றில் ஆர்.சி.ஐ. அங்கீகரித்த படிப்புகள் உண்டு.

விளையாட்டிலும் இடம் வந்துவிட்டது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் பதினெட்டு வயதில் உலக செஸ் சாம்பியனான நம் குகேஷுக்கு மனப்பயிற்சி தந்தவர் பேடி அப்டன் என்ற தென்னாப்பிரிக்கர். 2011இல் உலகக் கோப்பை வென்ற நம் கிரிக்கெட் அணியோடும் இருந்தவர். நம் ஊரிலேயே அந்த வேலைக்கு ஆட்கள் தயாராக வேண்டாமா?

முதியோர் விஷயம் நமக்கே தெரியும். பிள்ளைகள் வெளிநாட்டில், இங்கே வயதான தம்பதி, ஒருவருக்கு ஞாபகம் மங்க ஆரம்பிக்கிறது. அது வயதின் மறதியா, வியாதியா என்று சோதித்துச் சொல்வதும், பார்த்துக்கொள்கிறவருக்குத் தைரியம் சொல்வதும் சைக்காலஜிஸ்டின் வேலை. இதற்கு ஆள் மிகவும் குறைவு.

நம் குழந்தைகளிடம் உள்ள மூலதனம்

மன வேதனையை யாரும் இரவல் பாஷையில் சொல்வதில்லை. ஆபீஸில் இங்கிலீஷ் பொழிகிறவர்கூட, அழுகை வரும்போது தாய்மொழிக்குத்தான் திரும்புவார். டெலி-மானஸ் இருபது பாஷைகளில் நடப்பதற்கும் அதுதான் காரணம். நம் குழந்தைகள் வீட்டில் தமிழ், தெருவில் ஹிந்தியோ மராத்தியோ, பள்ளியில் இங்கிலீஷ் என்று வளர்ந்தவர்கள். கல்கத்தாவில் இருப்பவர்களுக்கு வங்காளி, பெங்களூரில் கன்னடம். மற்றப் படிப்பில் இது ஒரு சௌகரியம், அவ்வளவுதான். இந்தத் தொழிலில் இதுவே கருவி. ஆகவே வீட்டில் தமிழை விட்டுவிடாதீர்கள். புக்ககம் வந்து ஊர் புதிதாய், பாஷை புதிதாய்த் தவிக்கிற ஒரு பெண்ணுக்கு அந்தத் தமிழ் நாளைக்கு மருந்தாகலாம்.

பெற்றோருக்கு இரண்டு வார்த்தை

இன்ஜினியரிங் முடித்தவன் இருபத்திரண்டு வயதில் சம்பளம் வாங்குவான். இந்தப் பாதையில் உருப்படியான சம்பளம் வர இருபத்தைந்து, இருபத்தாறு ஆகும். ஆரம்ப வருஷங்களில் சம்பளம் குறைவு, தனியாகத் தொழில் தொடங்கினால் பெயர் வர இன்னும் சில வருஷங்கள். அந்தக் காலத்துக்குக் கைகொடுக்க வீட்டில் தெம்பு இருக்கிறதா என்று முதலிலேயே உட்கார்ந்து பேசுங்கள். இருந்தால் முழு மனதோடு அனுப்புங்கள். இல்லாவிட்டால் நடுவில் ஆலோசகராகவோ ஹெச்.ஆரிலோ இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு மேலே படிக்கும்படி திட்டம் போடுங்கள். மூன்று மாத சான்றிதழ் கொடுத்து "நீங்களும் தெரபிஸ்ட் ஆகலாம்" என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் மட்டும் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

நிம்ஹான்ஸ் 2015-16இல் பன்னிரண்டு மாநிலங்களில் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகத் தெரிந்தது. நோய்க்கு ஏற்ப, 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையே பெறவில்லை. நூறு பேர் உட்கார்ந்திருக்கும் இந்த ஹாலுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது என்று யாராவது சொல்ல முடியுமா? நம் குடும்பங்களில் இந்த விஷயம் வந்தால் ஜாதகத்தை எடுப்போம், பரிகாரம் செய்வோம், சொந்தக்காரர்களுக்குத் தெரியாமல் கதவைச் சாத்துவோம். பரிகாரத்தை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு டாக்டரிடமும் போங்கள். கீதையின் முதல் அத்தியாயத்துக்கே அர்ஜுன விஷாத யோகம் என்றுதான் பெயர். கை நடுங்கி வில் நழுவின வீரனை பகவான் கேலி செய்துவிட்டுப் போகவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் பேசினார். அந்தக் காரியத்தைத் தொழிலாகச் செய்ய ஒரு குழந்தை ஆசைப்பட்டால் அதைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

 குழந்தைகள் எல்லோரும் க்ஷேமமாக, தங்களுக்குப் பிடித்த படிப்பில் முன்னுக்கு வரப் பிரார்த்திக்கிறேன்.

கேள்விகளும் பதில்களும்

ஒரு தாயார்: மாமா, என் பெண் ஏற்கனவே பி.காம். இரண்டாம் வருஷம். இப்போ சைக்காலஜிக்கு மாறலாமா?

பதில்: பி.காம். முடித்தவர்களையும் எம்.ஏ. சைக்காலஜியில் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்கள் சில உண்டு. ஆனால் சிகிச்சைப் பாதைக்குப் போகும் உத்தேசம் இருந்தால், கீழ்ப் பட்டத்திலும் சைக்காலஜி கேட்பார்களா என்று ஆர்.சி.ஐ. விதியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஹெச்.ஆர். பக்கம் என்றால் பி.காமும் நல்லதுதான், விட வேண்டாம்.

ஒரு மாணவி: தாத்தா, இங்கே படிச்சுட்டு அமெரிக்காவில் பிராக்டிஸ் பண்ணலாமா?

பதில்: இங்கே வாங்கின பட்டத்தை வைத்துக்கொண்டு நேராக முடியாது, கண்ணா. அமெரிக்காவில் சைக்காலஜிஸ்ட் லைசென்ஸுக்குப் பொதுவாக டாக்டரேட் வேண்டும், அதன்மேல் பரீட்சையும் உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். முதுநிலைப் பட்டத்தோடு ஆலோசகர் லைசென்ஸ் வாங்கும் வழி தனி. இங்கிலாந்திலும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் டாக்டரேட்தான், பதிவும் உண்டு. வெளிநாடு போவதுதான் எண்ணம் என்றால், அந்த நாட்டு விதியைப் பார்த்து இங்கே எவ்வளவு படிப்பது என்று முடிவு செய்.

ஒரு தகப்பனார்: பெண் மனநோயாளிகளோடு பழகுகிற வேலைக்குப் போனால், கல்யாணப் பேச்சு எடுக்கும்போது ஏதாவது சொல்ல மாட்டார்களா?

பதில்: நர்ஸ் வேலைக்கும், கோர்ட்டுக்குப் போகும் வக்கீல் வேலைக்கும் ஒரு காலத்தில் இதையேதான் சொன்னார்கள். இன்றைக்கு யாரும் சொல்வதில்லை. ஏதாவது சொல்கிற வீடு என்றால், அதைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரிந்துகொண்டது உங்கள் பெண்ணின் அதிர்ஷ்டம். அவளுக்கு இந்தப் படிப்பில் நிஜமான ஆசை இருக்கிறதா, ஏழு வருஷம் தாக்குப்பிடிப்பாளா, இந்த இரண்டை மட்டும் அவளிடமே கேளுங்கள். ஆம் என்றால், நாளைக்கே ஆர்.சி.ஐ. பட்டியலை எடுத்து அவளோடு உட்காருங்கள்.